ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகும் இடம்

பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரலிடம் கணக்குக் கோப்பு ஒன்றைக் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு வரியில் தொகை 1,25,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளியோடு இருக்கிறது. அதைக் கூட்டலுக்கு எடுக்கும்போது பெர்ல் முதல் காற்புள்ளி வரைதான் படிக்கும். கிடைப்பது 1. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாக மாறிக் கணக்கில் சேர்ந்துவிடும். நிரல் தடங்கல் இல்லாமல் ஓடி முடியும். அறிக்கையும் ஒழுங்காக வரும். மொத்தத்தில் மட்டும் 1,24,999 ரூபாய் குறையும்.

அதே நிரலின் தலையில் யூஸ் வார்னிங்ஸ் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது திரையில் ஒரு செய்தி வரும். எந்தச் சரம் எண்ணாக இல்லையோ அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துக் காட்டும். கூட்டும்போது நடந்ததா, பெருக்கும்போது நடந்ததா என்று சொல்லும். நிரலின் எத்தனையாவது வரி என்று சொல்லும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வருவது: அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்த தரவுக் கோப்பின் எத்தனையாவது வரி என்பதையும் சேர்த்துச் சொல்லும். நிரலின் 14-ஆம் வரி, கோப்பின் 312-ஆம் வரி. கோப்பைத் திறந்து நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம். எச்சரிக்கைச் செய்தி எழுதுவதையும் ஒரு கலை என்று சொல்வேன். அதை நன்றாகச் செய்தவர்களில் பெர்லை உருவாக்கியவர்களுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. 2007-இல் வந்த 5.10 பதிப்பிலிருந்து இன்னொரு நயமும் சேர்ந்தது. மதிப்பே இல்லாத வேரியபிளைக் கணக்கில் பயன்படுத்தினால், அது எந்த வேரியபிள் என்று பெயரையும் சொல்லத் தொடங்கியது. அதற்கு முன் அந்த வரியில் நாலைந்து வேரியபிள்கள் இருந்தால் எது காலி என்று நாமே தேட வேண்டியிருந்தது.

லாரி வால் பெர்லை முதலில் வெளியிட்டது 1987 டிசம்பரில். ஷெல், ஆக், செட் ஆகியவற்றோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த யூனிக்ஸ்காரர்களின் கைக்கு அது வந்தது. அந்த உலகத்தில் வேரியபிளை முன்கூட்டி அறிவிக்கும் பழக்கம் இல்லை. பெயரைச் சொன்னால் போதும், அது பிறந்துவிடும். ஒரே வரியில் ஒரு வேலையை முடித்துத் தூக்கிப்போடும் நிரலுக்கு இந்தத் தாராளம் பெரிய வசதி. ஆனால் அந்த ஒரு வரி 10 வரியாகி, 1,000 வரியாகி, ஒரு அலுவலகத்தின் மாதக் கணக்கே அதை நம்பி நிற்கும்போது கதை வேறாகிறது. எழுத்துப் பிழையால் பிறந்த பெயரும் ஒரு பெயர்தான். அதற்குள் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததைக் கணக்கில் போட்டால் பெர்ல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

1994-இல் வந்த பெர்ல் 5 இதற்கு மருந்தையும் கொண்டுவந்தது. மை என்று சொல்லி வேரியபிளை அறிவிக்கும் வழி அப்போது பிறந்தது. யூஸ் ஸ்ட்ரிக்ட் என்ற வரியும் அப்போதே வந்தது. அந்த வரி மூன்று காரியங்களைக் கேட்கிறது. அறிவிக்காத வேரியபிளைப் பயன்படுத்தாதே. மேற்கோள் குறி இல்லாமல் நிற்கும் வெற்றுச் சொல்லைச் சரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லாதே. ஒரு சரத்துக்குள் இருக்கும் பெயரைக் கொண்டு வேறொரு வேரியபிளைத் தொடாதே. முதல் இரண்டும் கம்பைல் கட்டத்திலேயே பிடிபட்டுவிடும், நிரல் ஒரு வரிகூட ஓடாது. மூன்றாவது ஓடும்போதுதான் தெரியும். ஏ, பி என்ற இரண்டு பெயர்களுக்கு முதல் விதியில் விலக்கு உண்டு. வரிசைப்படுத்தும் வேலையில் பெர்ல் அந்த இரண்டையும் தானே பயன்படுத்துகிறது. அதனால் அனுபவசாலிகள் அந்தப் பெயர்களைத் தங்கள் வேலைக்குத் தொடமாட்டார்கள்.

முதல் விதியின் அருமை தமிழில் பெயர் வைத்து எழுதும்போது இன்னும் நன்றாகத் தெரியும். யூஸ் யூடிஎஃப்8 என்று ஒரு வரி சேர்த்தால் பெர்லில் வேரியபிள் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். மேலே $விலை என்று அறிவித்துவிட்டுக் கீழே $விளை என்று எழுதினால், ஸ்ட்ரிக்ட் இல்லாத நிரல் சத்தமில்லாமல் பூஜ்யத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரிக்ட் இருந்தால் $விளை யார் என்று கேட்டு அங்கேயே நின்றுவிடும். ளகர லகரக் குழப்பத்தைக் கண் பிடித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே எட்டாத பிழையும் ஒன்று இருக்கிறது. $மொத்தம் என்ற பெயரில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் தெரியும். பெர்ல் அவற்றை ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை, அதற்கு அவை வெவ்வேறு பெயர்கள். எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் சிக்காத இந்தப் பிழையை ஸ்ட்ரிக்ட் முதல் ஓட்டத்திலேயே பிடித்துத் தரும். தமிழ்ப் பெயர்களோடு நிரல் எழுத ஆசைப்படுகிற எவரும் இந்த வரி இல்லாமல் தொடங்கவே கூடாது.

பெர்லின் கண்டிப்பில் என்னைக் கட்டிப்போட்ட அம்சம் வேறொன்று. அந்தக் கண்டிப்புக்கு எல்லை உண்டு. 5.6 பதிப்புக்கு முன்னால், எச்சரிக்கை வேண்டுமென்றால் நிரலை ஓட்டும்போது டபிள்யூ என்ற சுவிட்சைப் போட வேண்டும். அதைப் போட்டால் உங்கள் நிரலுக்கு மட்டும் அல்லாமல், அது அழைக்கும் பிறருடைய மாட்யூல்களுக்கும் சேர்த்து எச்சரிக்கை கொட்டும். யாரோ எழுதியதன் குறைகள் நம் திரையை நிரப்பும். சலித்துப்போய்ச் சுவிட்சையே எடுத்துவிடுவார்கள். பெர்லின் கையேட்டில் குறைகளைச் சொல்லும் பகுதியில், இந்தச் சுவிட்ச் கட்டாயமாக இல்லை என்பதையே ஒரு குறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மொழியை உருவாக்கியவர்களின் மனம் எந்தப் பக்கம் என்பது அதிலேயே தெரிகிறது.

2000-இல் 5.6 வந்தபோது யூஸ் வார்னிங்ஸ் என்ற வரி பிறந்தது. அது எழுதப்பட்ட கோப்புக்குள் மட்டும், ஒரு நெளி அடைப்புக்குறிக்குள் எழுதினால் அந்த அடைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும். எச்சரிக்கைகளுக்கு வகைகளும் வந்தன: எண் அல்லாதது, மதிப்பு இல்லாதது, இரண்டாம் முறை வரையறுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். ஆகவே தளர்த்தவேண்டிய இடத்தில் எதைத் தளர்த்துகிறோம் என்று பெயர் சொல்லியே தளர்த்த முடியும். நல்ல பெர்ல்காரர் எழுதியதைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இடங்களைத்தான். ஐந்து வரிக்கு ஒரு அடைப்பு, அதன் முதல் வரியில் ஸ்ட்ரிக்டின் மூன்றாம் விதியை மட்டும் தளர்த்தும் நோ ஸ்ட்ரிக்ட் ரெஃப்ஸ், உள்ளே ஃபங்ஷன்களைப் பெயர் கொண்டு உருவாக்கும் சிறு வேலை, அடைப்பு மூடியதும் பழைய கண்டிப்பு. இங்கே விதியை மீறப்போகிறேன், இந்த ஐந்து வரியில் மட்டும் மீறுகிறேன், இந்த ஒரு விதியை மட்டும் மீறுகிறேன் என்று எழுதியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் அது இருக்கும். கோப்பின் தலையில் நோ ஸ்ட்ரிக்ட் என்று மொட்டையாக எழுதியதைப் பார்த்தால் அந்தக் கோப்பை நான் நம்பமாட்டேன்.

மற்ற மொழிகளிலும் இந்தச் சிந்தனை உண்டு. 2009-இல் ஜாவாஸ்கிரிப்ட் தன் ஐந்தாம் பதிப்பில் யூஸ் ஸ்ட்ரிக்ட் என்ற அதே பெயரில் ஒரு கண்டிப்பைக் கொண்டுவந்தது, அதுவும் ஃபங்ஷன் அளவுக்கு எல்லை கட்டியது. 2015-இல் வந்த பிஎச்பி 7 கோப்பு அளவுக்கு டைப் கண்டிப்பைத் தந்தது. பாஷ் ஷெல்லில் செட் ஈ என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் இஃப் நிபந்தனைக்குள் தோற்ற கட்டளையை அது கண்டுகொள்ளாது. அந்த நிபந்தனையிலிருந்து அழைக்கப்பட்ட ஃபங்ஷனுக்குள் தோற்றதையும் விட்டுவிடும். எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்று மனப்பாடம் செய்யவேண்டிய கண்டிப்பு அரைகுறைதான்.

இனி ஃபேட்டல். யூஸ் வார்னிங்ஸ் வரியில் ஃபேட்டல் என்று சேர்த்து ஒரு வகையின் பெயரைக் கொடுத்தால், அந்த வகை எச்சரிக்கை செய்தியாக மட்டும் வராது. அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். விசைத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்ததும் தறி தானாக நிற்பதைப் போன்றது இது. நெய்து முடித்த பிறகு ஓட்டையைத் தேடவேண்டியதில்லை. தரவைக் கையாளும் நிரலுக்கு இது ஏன் தேவை என்றால், எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கிரான் என்ற நேர அட்டவணை வசதி தானாக ஓட்டும் நிரலின் எச்சரிக்கை எங்கோ ஒரு லாக் கோப்பில் போய்ச் சேரும். காலையில் அதிகாரி பார்ப்பது அறிக்கையைத்தான். அறிக்கை வந்திருக்கிறது, எனவே எல்லாம் சரி. தவறான மொத்தத்தோடு வரும் அறிக்கையைவிட வராத அறிக்கை நல்லது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒருவராவது கேட்பார்.

ஃபேட்டல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எச்சரிக்கை அங்கே பிடிக்கக்கூடிய பிழையாக மாறுகிறது. ஈவேல் என்ற அடைப்புக்குள் வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். இதை வைத்து ஒரு நேர்த்தியான அமைப்பைக் கட்ட முடியும். கோப்பின் ஒவ்வொரு வரியையும் ஈவேலுக்குள் வைத்துச் செயலாக்குங்கள், எண் அல்லாதது, மதிப்பு இல்லாதது என்ற இரண்டு வகையையும் ஃபேட்டல் ஆக்குங்கள். 1,25,000 வந்ததும் அந்த வரியின் வேலை பாதியில் நிற்கும். பிடித்த பிழைச் செய்தியையும் மூல வரியையும் தள்ளுபடிக் கோப்பு ஒன்றில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். முடிவில் இத்தனை வரி சேர்ந்தது, இத்தனை வரி தள்ளுபடி என்று அறிக்கையிலேயே அச்சிடலாம். தரவைச் சோதிக்கத் தனியாக நூறு இஃப் எழுதாமல், மொழி தானாகச் செய்யும் சோதனையையே வாயிற்காவலாக நிறுத்திவிடுகிறோம். ஒன்று மட்டும் முக்கியம்: அந்த வரியின் எல்லாக் கணக்கையும் தனி வேரியபிள்களில் முடித்துவிட்டு, கடைசியில்தான் பொது மொத்தத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி சேர்ந்த வரி மிஞ்சும். அதே காரணத்துக்காக, வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி எல்லாம் முடிந்தபின் பெயர் மாற்றுவதும் நல்ல பழக்கம்.

இவ்வளவு நல்லது என்றால் ஆல் என்று போட்டு எல்லா எச்சரிக்கையையும் ஃபேட்டல் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். பெர்ல் உலகம் அதையும் செய்து பார்த்தது. மேட் ட்ரவுட் எழுதிய ஸ்ட்ரிக்சர்ஸ் என்ற மாட்யூலின் முதல் பதிப்பு ஏறக்குறைய அதைத்தான் செய்தது. மூ என்ற பெயரில் வந்து பெரிதும் பரவிய ஆப்ஜெக்ட் மாட்யூல், தன்னைப் பயன்படுத்துகிற கோப்புகளுக்கு இந்தக் கண்டிப்பையும் சேர்த்தே கொடுத்தது. சிக்கல் என்னவென்றால், எச்சரிக்கைகளின் பட்டியல் நிலையானது அல்ல. புதிய பெர்ல் பதிப்புகளில் புதிய எச்சரிக்கைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. 2013-இல் வந்த 5.18, ஸ்மார்ட்மேட்ச் என்ற வசதி இனி சோதனை நிலையில் உள்ளது என்று எச்சரிக்கத் தொடங்கியது. நேற்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய நிரல், எழுதியவர் ஒரு எழுத்தையும் மாற்றாமலே, பெர்லைப் புதுப்பித்த அன்று நின்றுபோகும். அந்த எச்சரிக்கைக்கும் கணக்குப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. பெர்லின் உட்பகுதியில் சில எச்சரிக்கைகள், அந்த இடத்தில் நிரல் நின்றுவிடக்கூடும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவையும் அல்ல. அதனால்தான் அதிகாரபூர்வக் கையேடே ஆல் குறித்து எச்சரிக்கிறது. 2015-இல் மூ தன் இரண்டாம் பதிப்பில் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஸ்ட்ரிக்சர்ஸும் இரண்டாம் பதிப்பில் வகைகளைப் பொறுக்கி எடுத்து ஃபேட்டல் ஆக்கியது.

அந்தப் பின்வாங்கலைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கண்டிப்புக் காட்டுவதில் சுவை இல்லை. எது நடந்தால் விடை பொய்யாகும் என்று எழுதுகிறவர் யோசித்து, அந்த வகைகளை மட்டும் பெயர் சொல்லி ஃபேட்டல் ஆக்கும்போதுதான் அவருடைய தேர்ச்சி தெரிகிறது. வகைகளின் அந்தச் சிறு பட்டியலைப் பார்த்தே இந்த நிரல் எதற்கு அஞ்சுகிறது என்று சொல்லிவிடலாம்.

மொழியும் மெல்ல மெல்ல இதே திசையில் வந்திருக்கிறது. 2010-இல் வெளிவந்த 5.12 முதல், குறைந்தபட்சம் அந்தப் பதிப்பு வேண்டும் என்று நிரலின் தலையில் எழுதினாலே ஸ்ட்ரிக்ட் தானாக வந்துவிடும். 2022-இல் வந்த 5.36-ஐ அப்படிக் கேட்டால் வார்னிங்ஸும் சேர்ந்து வரும். எதையும் கேட்காத பழைய நிரல்கள் பழையபடியே ஓடுகின்றன. கட்டளை வரியில் எழுதும் ஒற்றை வரி நிரல்களுக்கும் பழைய தாராளம் அப்படியே இருக்கிறது. ஃபேட்டல் மட்டும் எந்தப் பதிப்பிலும் தானாக வருவதில்லை.

அதை எழுதுகிறவர்தான் எழுத வேண்டும். பணக் கணக்கோ, மருந்தின் அளவோ, மதிப்பெண்ணோ, எண்களைத் தொடும் பெர்ல் நிரல் உங்கள் கையில் இருந்தால், நியூமெரிக் (எண் அல்லாதது), அன்இனிஷியலைஸ்டு (மதிப்பு இல்லாதது) என்ற இரண்டு வகைகளையும் இன்றைக்கே ஃபேட்டல் ஆக்குங்கள். ஆல் என்பதை உங்கள் மேஜையில் சோதனை ஓட்டம் நடத்தும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்குக் கொடுக்கும் மாட்யூலில் அதைப் போட்டு அனுப்பாதீர்கள்.