தொளதொளத்த கோட்டு

லாஸ்பேட்டையில் விமான நிலையத்துக்குப் போகிற சாலைப் பக்கம் ஒரு வீடு. அங்கே தகரப் பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த புகைப்படம் ஒன்றைப் போன வருடம் பார்த்தேன். கறுப்பு வெள்ளை, அஞ்சலட்டை அளவு. பின்னால் வரைந்த திரை. திரையில் ஒரு மாடிப்படியும் பூச்சாடியும். முன்னால் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் வட்ட மேசைமேல் கையை ஊன்றி நிற்கிறார். மணிக்கட்டில் கடிகாரம். அட்டையின் மூலையில் ஸ்டூடியோவின் பெயரும் 'சைகோன்' என்ற ஊர்ப்பெயரும் பிரெஞ்சு எழுத்தில் புடைத்து நின்றன.

வசதியான மனிதர், கடல் தாண்டிப் போய் நன்றாக இருந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை எடுத்துக் காட்டிய பாட்டியம்மா என் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"எங்கப்பா. சொல்தாவா இருந்தாங்க. கோட்டு அவங்களுது இல்ல தம்பி, ஸ்டூடியோக்காரனுது. கைக்கடிகாரம் கூட்டாளியுது."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். 1946-லிருந்து 1954 வரை நடந்த இந்தோசீனப் போர்க்காலத்துப் படம் அது. பாட்டியம்மா சொல்லி முடித்ததும் மறுபடி பார்த்தேன். காலர் கழுத்தைத் தொடவே இல்லை. இடையில் இரண்டு விரல் நுழையும். தோள் தையல் தோளிலிருந்து இறங்கிப் புஜத்தில் கிடந்தது. முதலில் பார்த்தபோதும் இவை படத்தில் இருந்தன, என் கண்தான் அங்கே போகவில்லை. நிமிர்ந்து நின்ற மனிதர் இப்போது இரவல் கோட்டுக்குள் நின்றார். ஊருக்கு அனுப்பப்போகும் படத்தில் குறை எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவராகத் தெரிந்தார். மனம் கனத்துப்போனது.

இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் பாட்டியம்மாவின் தம்பியைப் பார்த்தேன். படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அக்காவுக்கு என்ன தெரியும், அப்போ அவங்க கைக்குழந்தை. அந்தக் கோட்டு அப்பா சொந்தக் காசுல தெச்சது. மூணு மாசம் காய்ச்சல்ல கெடந்து எழுந்து வந்து எடுத்த படம். உடம்பு எளச்சுப்போச்சு, கோட்டு எளைக்குமா?"

அதே காலர், அதே தோள் தையல். ஒரு கதையில் அது வறுமையின் அடையாளம், இன்னொன்றில் நோயின் அடையாளம். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அன்று முதல் புகைப்படத்துக்குப் பக்கத்தில் கதையை வைக்கும் வழக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது இன்று எங்கும் பரவியிருக்கிற வழக்கம். கண்காட்சிச் சுவரில் படத்துக்குக் கீழே ஒரு பத்தி. வார இதழில் படத்துக்குள் இருப்பவரின் வாழ்க்கை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டியின் கல்யாணப் படமும் அதற்குக் கீழே பெரியப்பாவின் குரல்பதிவும். கதை தெரியாமல் படம் பார்ப்பது அரைகுறைப் பார்வை என்றே பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கதை கண்ணை என்ன செய்யும் என்பதை ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டினார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டினார். பார்த்தவர்கள் ஓரிடத்தில் பசியைக் கண்டார்கள், இன்னோரிடத்தில் துக்கத்தைக் கண்டார்கள். முகம் ஒன்றேதான். பக்கத்தில் இருப்பதைக் கொண்டுவந்து முகத்தில் பூசி, அது முகத்திலேயே இருந்தது என்று மனம் நம்பிவிடுகிறது. படக்குறிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. எழுத்தாக இருப்பதால் இன்னும் பிடிவாதமாகச் செய்கிறது.

இதன் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும், அது சிறிய நன்மை அல்ல. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஜோயே ஹெட்லியும் அவருடன் இருந்தவர்களும் தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நம் ஊர் ஸ்டூடியோக்கள் எடுத்த படங்கள்: குடும்பமாக உட்கார்ந்தவை, புதுமணத் தம்பதி, மொட்டையடித்த குழந்தை, இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த கடைசிப் படம். பெயர் தெரியாத முகங்கள் இவற்றில் ஏராளம். பெயர் இல்லாவிட்டால் புடவைக் கட்டு தெரியும், நகை தெரியும், நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்பது தெரியும். சமூக வரலாறு எழுத அது போதும். ஆனால் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் உயிரோடு இல்லை என்று யாராவது சொன்னால்தான் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கை ஏன் அவர் தோளை அப்படி அழுத்திப் பிடித்திருக்கிறது என்று பார்ப்போம். அங்கே கதை இல்லையென்றால் நாம் குருடர்கள்.

எங்கள் பேட்டைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியில் கவர்னராக இருந்த ழான் லாவின் பெயர்தான் லாஸ்பேட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி நடக்கிற யாருக்கும் அவர் நினைவு வருவதில்லை. ஊர்ப்பெயர் கதையை உதிர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். புகைப்படத்தால் அது முடிவதில்லை. கதை உதிர்ந்த குடும்பப் படம் குப்பைக்குப் போகிறது, ஸ்டூடியோ மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் வெறும் கண்ணாடி ஆகிவிடுகின்றன.

ஆனால் எல்லாக் கதையும் கண்ணைப் படத்துக்குள் அனுப்புவதில்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படம் எடுத்தவர். 14-ஆம் தேதி இரவு வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் நகர்வதைப் பார்த்து அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. அதே நேரத்தில்தான் ரமணர் மறைந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அங்கிருந்து அதே மாதத்தில் பாண்டிச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். பல்லாண்டுகளாக யாரும் கேமராவை அவர்முன் கொண்டுபோனதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் காலமானார்.

அந்தப் படங்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விடைபெறும் முகம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் படத்தில் இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர், அவ்வளவே. விடைபெறுதல் என் மனத்தில் இருக்கிற டிசம்பரிலிருந்து வருகிறது. எரிநட்சத்திரமோ எந்தப் படத்திலும் இல்லை. கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்போடு படத்தைப் பார்த்தால் ஒளி விழுந்த விதம், கைகள் கிடக்கும் இடம் எதுவும் கண்ணில் படுவதில்லை. கதைக்குச் சாட்சி சொல்ல வந்த காகிதமாகப் படம் சுருங்கிவிடுகிறது.

இந்த இரண்டு வகையையும் பிரித்து, கண்ணைப் படத்துக்குத் திருப்பும் கதை நல்லது, படத்தைவிட்டு விலக்கும் கதை கெட்டது என்று முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதற்குக் குறுக்கே நிற்பது அந்தக் கோட்டு. பாட்டியம்மாவின் கதையும் தம்பியின் கதையும் என் கண்ணைப் படத்துக்குத்தான் திருப்பின, அதே இடத்துக்குத்தான் திருப்பின. ஒன்றாவது தவறாக இருக்க வேண்டும். படத்தைக் கூர்ந்து பார்க்க வைப்பதாலேயே ஒரு கதை உண்மை ஆகிவிடாது. சொல்லப்போனால் கூர்ந்து பார்க்க வைக்கும் கதையே அதிகம் ஏமாற்றும், நாமே கண்டுபிடித்தோம் என்ற நம்பிக்கையை அது தருவதால்.

அமெரிக்காவில் டோரதியா லாங் 1936-இல் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்துக்கு நடந்ததும் இதுதான். கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். கன்னத்தில் விரல் வைத்துத் தூரத்தைப் பார்க்கும் பெண். இரண்டு தோளிலும் முகம் திருப்பிய குழந்தைகள். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார். உலகம் அந்தப் பெண்ணின் நெற்றிச் சுருக்கத்தில் விற்றுப்போன டயர்களைப் பார்த்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 1978-இல், அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் தாம்சன் வெளியே வந்து பேசினார். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். டயர்களை விற்கவே இல்லை என்றார்கள் குடும்பத்தார். அவர் செரோகி பழங்குடி வழி வந்தவர் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. வெள்ளைக்கார ஏழைத் தாயின் முகமாக அதுவரை பார்த்து உருகியவர்கள் பார்த்த முகமும் இதே முகம்தான்.

லாங்கைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு குடும்பத்தின் கதையோடு குழம்பியிருக்கலாம். குறை அவருடைய நேர்மையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படக்குறிப்பு என்ற வடிவத்திலேயே அது இருக்கிறது. 'டயர்களை விற்றார்கள்' என்று படக்குறிப்பு சொல்லும். 'விற்றார்கள் என்று படம் எடுத்தவர் சொல்கிறார்' என்று சொல்லாது. சொன்ன ஆளை அது விழுங்கிவிடுகிறது. ஆள் மறைந்ததும் அந்தச் சொல் படமே பேசியதுபோல ஒலிக்கிறது.

லாஸ்பேட்டையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் கடலூர். சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்க்கோ தத்தா அங்கே எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் முகம் கவிழ்ந்து கிடக்கிறார் புடவை கட்டிய ஒரு பெண். இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். உறவினரை இழந்து அழும் பெண், கடலூர் என்பதற்கு மேல் படக்குறிப்பில் அதிகம் இல்லை.

இந்தக் கஞ்சத்தனம் எனக்கு நீண்ட நாள் உறுத்தியது. நம் பக்கத்து ஊர்க்காரி, அவளுக்கு ஒரு பெயர் கூடவா இல்லை? உலகம் அழுது தீர்க்க ஒரு பெயரற்ற உடல் போதுமா? அந்தக் கோபம் இப்போதும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. கதை குறைவாக இருப்பதால் கண் அந்த உள்ளங்கைகளை விட்டு நகர்வதில்லை. எதையும் கேட்காத, எதையும் பிடிக்காத கைகள். அவருடைய திருமணம், கடன், பிள்ளைகள் என்று ஒரு பத்தி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பத்தியைத்தான் நாம் நினைவில் வைத்திருப்போம். அதை எழுதியிருக்கக்கூடியவரும் வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவர் தானாகச் சொல்லாத கதையை அவருக்காக இன்னொருவர் சொல்லாமல் விட்டதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

தானாகச் சொல்லும்போது என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையின் வடக்கைப் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் பிற இடங்களிலும் அதுபோலவே. கையில் படங்கள். அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம், கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கிய முகம். கலை என்று எதுவும் இல்லாத படங்கள். அவற்றைப் பார்க்கும்போது நம் கண் படத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் தாயின் முகத்துக்கும் மாறி மாறிப் போகிறது. இங்கே சொல்பவர் மறையவில்லை. தன் உடம்போடு படத்துக்குப் பின்னால் நிற்கிறார்.

வவுனியாவில் ஒரு தாய் பிடித்திருந்தது இன்னும் விசித்திரமான படம். 2015 ஜனாதிபதித் தேர்தல் பிரசுரம் ஒன்றில் வேட்பாளர் மைத்திரிபால சிறிசேன பள்ளி மாணவிகளுக்கு நடுவே நிற்கிறார். மற்ற எல்லோருக்கும் அது ஓட்டுக் கேட்கும் படம். அந்தத் தாய் அதில் ஒரு மாணவியைக் காட்டி, இது காணாமல்போன என் மகள் என்றார். அவர் சொன்னபிறகு யாராலும் அந்தப் படத்தில் வேட்பாளரைப் பார்க்க முடியாது. வரிசையில் இருக்கும் சீருடைப் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறோம். அவர் சொன்னது சரியா என்று படத்தால் சொல்ல முடியாது, அந்தக் கோட்டின் காலரால் முடியாததுபோலவே. ஆனால் இங்கே நாம் ஏமாறவில்லை. இது ஒரு தாயின் சொல் என்று தெரிந்தே பார்க்கிறோம். நம்புவதா, விசாரிப்பதா, அவரோடு போய் உட்காருவதா என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு அரசு தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் கேட்பது கதையை எடுத்துவிடுங்கள் என்று இல்லை. சொன்னவரைக் கதையோடு சேர்த்து எழுதுங்கள் என்றுதான். 'சைகோன், இரவல் கோட்டு' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'இரவல் கோட்டு என்கிறார் மகள், சொந்தக் கோட்டு என்கிறார் மகன்' என்று எழுதினால் படம் திறந்தே இருக்கும். கண்காட்சி நடத்துகிறவர்கள் இதற்கு இடமில்லை என்பார்கள், இரண்டு கதை பார்வையாளரைக் குழப்பும் என்பார்கள். குழம்பட்டும். அந்தக் குழப்பத்தில்தான் நான் அந்த மனிதரின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழுதட்டை லேசாக உள்ளே மடித்திருக்கிறார். அது ஏன் என்று பாட்டியம்மாவுக்கும் தெரியாது, அவர் தம்பிக்கும் தெரியாது.

இதை எழுதலாமா என்று பாட்டியம்மாவிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதிக்க" என்றார். பிறகு படத்தின் பின்பக்கம் அவருடைய அப்பா பெயரையாவது எழுதி வைக்கலாமே என்றேன். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும், மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும், ஆவணக் காப்பகங்களில் அப்படித்தான் செய்வார்கள் என்றும் சொன்னேன். பேத்தியின் பென்சில் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் தானே எழுதினார். அப்பா பெயர், அதன் கீழே சைகோன், அதன் கீழே ஸ்டூடியோ கோட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தம்பி வேற மாதிரி சொல்றான்' என்று அதற்கும் கீழே எழுதினார்.

"பென்சில்தானே, அவனுக்குப் பிடிக்கலன்னா அழிச்சுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே படத்தைத் துண்டில் சுற்றினார்.