குட்மன்: வில், உடல், அதிகாரம்

லுட்விக் குட்மனை மகானாக்கி வைத்திருக்கிறோம். 1939இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூத மருத்துவர். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சக்கர நாற்காலியிலிருந்த 16 பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். 1960இல் ரோமில் 23 நாடுகள் கூடின. ஊனமுற்றோரைக் கொன்ற அரசுக்கு இது பதில்தான். ஆனால் அவர் கேட்டதும் உழைத்து வரி கட்டும் உடலைத்தான். பயன்படும் உடல், பயன்படாத உடல் என்ற கோடு அழியவில்லை, நகர்ந்தது, அவ்வளவுதான்.

சேலம் மாவட்டப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், கொண்டாடினோம். சரி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, குண்டூர் நாட்டில் கால் வராத பிள்ளை பள்ளிக்கூடம் போக என்ன வழின்னு யாரு கேட்டோம்? தாண்டாத உடலுக்கும் உரிமை உண்டு. அதைப் பேசாத கைதட்டல் யாருக்கு?