புகாரும் தகவலும்: ஒரு சொற்பொருள் நோக்கு

உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் சமூகப்பணியாளரும் இணைந்து செயற்பட வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் அதற்கொரு நெருக்கடியான தேவையை உண்டாக்கியது. குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். சமூகப்பணி அறிந்தோர் குழந்தைக்குத் துணைநிற்க வழிசெய்கிறது 39ஆம் பிரிவு. இவ்விருவரும் சந்திக்கும் இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று குறுக்கே நிற்கிறது.

நாளிதழ்த் தமிழிலும் பயிற்சி வகுப்புப் பேச்சிலும் 19ஆம் பிரிவின் கடமை பெரும்பாலும் 'புகார் கொடுத்தல்' எனப்படுகிறது. இந்துஸ்தானியில் கூவி அழைத்தலைக் குறித்த இச்சொல் தமிழில் குற்றச்சாட்டு என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. புகார் என்றதும் எதிராளி ஒருவர் தோன்றுகிறார். மெய்ப்பிக்கும் சுமை கொடுத்தவர் தலையில் விழுகிறது. ஆங்கில மூலமோ 'தகவல்' என்றே பேசுகிறது. குற்றம் நிகழக்கூடும் என்ற ஐயப்பாடே அதற்குப் போதும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது நடவடிக்கை இல்லை என்றும் அதே பிரிவு உறுதி கூறுகிறது. பொய்ப் புகாரையும் பொய்த் தகவலையும் தண்டிக்கும் 22ஆம் பிரிவு, இழிவுபடுத்தல், பணம் பறித்தல், மிரட்டல், அவதூறு என்னும் நோக்கம் மட்டுமே கொண்டவற்றைத்தான் குறிக்கிறது.

இச்சொற்குழப்பத்தின் விளைவைச் சுமப்பவர் மாணவர். 'புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமே' எனத் தயங்கும் ஆசிரியர், ஆதாரம் தேடி ஒரே பிள்ளையை மீண்டும் மீண்டும் வினவத் தலைப்படுகிறார். சமூகப்பணியாளர் தடுக்க விரும்புவது இவ்வினவலையே.

'அறிவிப்பு' என மாற்றலாம் என்பாருண்டு. பள்ளியில் அறிவிப்பு என்பது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படுவது. மறைவு காக்க வேண்டிய செய்திக்கு அது எவ்வாறு பொருந்தும்? 'தகவல் தெரிவித்தல்' சற்று நீளமாயினும் சட்டத்தின் சொல்லுக்கே நெருங்கியது.

சமூகப்பணியாளர் தரப்பிலும் குறையுண்டு. (1936இல் பம்பாயில் தொழிற்கல்வியாகிவிட்ட இத்துறையைப் பள்ளி மேடைகள் இன்றும் 'சமூக சேவை' என்றே வரவேற்பது வேறு கதை.) அவர் ஒரு மாணவரின் நிலையை 'கேஸ்' என்கிறார், ஆசிரியர் செவியில் அது 'வழக்கு' என்று விழுகிறது, காவல்நிலையம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசாணைகளில் இப்பொருளுக்கு 'நேர்வு' என்னும் நல்ல சொல் நெடுநாளாக வழங்குகிறது. சமூகப்பணிப் பாடநூல் எழுதுவோர் அதனைத் தயங்காது எடுத்தாளலாம்.