அசையும் உறுப்பும்: வினைமுற்றைப் பிரிக்கும் இரு நெறிகள்

வினைமுற்று ஒன்றை ஒலிப்பு நோக்கிப் பிரித்தால் அசை கிடைக்கும். பொருள் நோக்கிப் பிரித்தால் உறுப்புக் கிடைக்கும். இவ்விரண்டின் எல்லைகளும் பெரும்பாலும் ஒன்றுவதில்லை. இதனைத் தெளிவுறுத்தாமல் பகுபத உறுப்பிலக்கணம் கற்பிப்பது பயன்தராது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

'எழுதினான்' என்பதை நோக்குவோம். அசைவழி இது எழு / தினான் என இரு நிரையசையாகிக் கருவிளச் சீராகும். உறுப்புவழி எழுது + இன் + ஆன் எனப் பகுதி, இடைநிலை, விகுதியாகும். பகுதியின் ஈற்றுக் குற்றியலுகரம் கெட, எஞ்சிய தகர மெய் இடைநிலையின் இகரத்தோடு கூடித் 'தி' ஆகிறது. அதாவது, இரண்டு உறுப்புகளின் எல்லை ஓர் உயிர்மெய் எழுத்தினுள்ளேயே மறைந்து கிடக்கிறது. அசைவழியே பிரிக்கும் மாணவர் 'எழு' என்பதைப் பகுதியாகக் கொள்வர். அதுவோ முற்றிலும் வேறொரு வினை. அகராதியிலும் அவர் தவறான சொல்லையே தேடுவார்.

சுங்கை பெசார், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இச்சிக்கல் இருமடங்காகும். முதலாம் ஆண்டு முதலே அவர்கள் மலாய்மொழியையும் கற்கின்றனர். மலாய்ச் சொற்களை 'சுக்கு காத்தா' எனும் அசைக்கூறுகளாகப் பிரித்து வாசிக்கப் பழகுகின்றனர். எழுதுதலைக் குறிக்கும் 'மெனூலிஸ்' அவ்வாறு மெ / னூ / லிஸ் எனப் பிரியும். அதன் அடிச்சொல்லோ 'தூலிஸ்'. முன்னொட்டுச் சேருங்கால் தகரம் கெட்டு னகர ஒலி தோன்றுகிறது. பிரெஞ்சு மொழியிலும் இந்நிலை உண்டு. 'எழுதுகிறோம்' எனப் பொருள்படும் 'எக்ரிவோன்' ஒலிப்பில் எ / க்ரி / வோன் எனவும், உறுப்பில் எக்ரிவ் + ஓன் எனவும் பிரியும். எனவே, இது தமிழுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று.

நன்னூலார் பதவியலை எழுத்ததிகாரத்துள் வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. பதப்பகுப்பை எழுத்துகளின் திரிபோடு இணைத்தே காணவேண்டும் என்பதை அவ்வைப்பு முறை உணர்த்துகிறது எனலாம். ஆயின், வகுப்பறைகளில் 'வா(வ) + த்(ந்) + த் + ஆன்' என்பது பெரிதும் மனனத்திற்குரிய வாய்பாடாகவே நின்றுவிடுகிறது. 'ந்த்' முழுவதையும் ஒரே இறந்தகால உருபாகக் கொள்ளும் இக்கால மொழியியலார் கருத்தும் மாணவரை எட்டுவதில்லை.

இதற்கு மாற்று, ஒப்பீடே ஆகும். எழுதினான், எழுதுகிறான், எழுதுவான் என்பவற்றை ஒரு வரிசையிலும், எழுந்தான், எழுகிறான், எழுவான் என்பவற்றை மற்றொரு வரிசையிலும் நிறுத்தினால், இரு பகுதிகளும் தாமே வேறுபட்டு விளங்கும். அசைப்பிரிப்பு வாசிப்புக்கும் யாப்புக்கும் உரிய கருவி. சொல்லின் உள்ளமைப்பை அறிய இவ்வொப்பீடே துணைசெய்யும்.