தேடியதேட்டம் யாருடையது?

மணவூர் ரயில் நிலையத்தில், சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலுக்காகக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள். தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. அந்த டப்பாவைக் கட்டிக் கொடுத்தவர் விடிவதற்கு முன்பே எழுந்தவர். அவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதாங்க வீட்ல இருக்கேன்" என்பார்.

பக்கத்து நிலையம் திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் இறைவனடி சேர்ந்த தலம். அம்மையாரின் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்கு மனைவி புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். சாப்பிட உட்கார்ந்த கணவன், ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. எனக்கு இதில் அற்புதத்தைவிட அவளுடைய பதற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஊரறிந்த செல்வர் வீடு அது. அங்கேயும் ஒரு மாங்கனியைத் தானம் செய்த மனைவிக்கு, "கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், மற்றவர் எந்நேரமும் கணக்குச் சொல்லத் தயாராக நிற்கவேண்டியிருக்கிறது. அதே அம்மையாரின் வெண்கலச் சிலை இலங்கையின் பொலன்னறுவையிலும் கிடைத்திருக்கிறது. கடலுக்கு இருபுறமும் தெரிந்த முகம் அது.

இருபுறமும் நிலைமை எப்படி இருக்கிறது? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 32 சதவீதம் பேர்தான் அதற்கு முந்தைய ஓராண்டில் வேலை செய்தவர்கள். மணமான ஆண்களில் அது 98 சதவீதம். அந்த 32 பேரிலும் எல்லோர் கைக்கும் காசு வருவதில்லை. ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குக் கூலியே கிடையாது. ஆக, பத்துத் தம்பதிகளில் ஏழு வீடுகளாவது ஒற்றை வருமான வீடுகள்தான். இலங்கையில் பெண்கள் நம்மைவிட முன்னதாகவே படித்தவர்கள். 1940களிலேயே இலவசக் கல்வி வந்த நாடு அது. இன்று பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் 2023இல் அங்கே தொழிற்படையில் இருந்த பெண்கள் 31.3 சதவீதம் மட்டுமே. படித்துவிட்டால் வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற நம் நம்பிக்கையை இலங்கை பொய்யாக்கிவிட்டது.

ஆனால் இந்த எண்களை நான் முழுதாக நம்பமாட்டேன். காரணம் தெரிய, மணவூரிலிருந்து வெகுதூரம் போகவேண்டாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தெருவுக்குத் தெரு தறி ஓடுகிறது. கணவர் தறியில் நிற்பார். மனைவி சுவரோரம் உட்கார்ந்து தார் சுற்றுவார். நூல் சுற்றிய தார் இல்லாவிட்டால் நாடா வெறுமனேதான் ஓடும், தறியே நின்றுவிடும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது எழுந்துபோய்க் கிளறிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து அறுந்த இழையைப் பிடிப்பார். கூலியோ நெய்த துணிக்குத்தான். அது கணவர் கைக்குப் போகும். அந்த வீட்டை ஒற்றைச் சம்பாத்தியம் என்று எழுதினால், அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. இந்தியாவின் தொழிற்படைக் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 ஆக உயர்ந்ததற்கும், இப்படிக் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர்கள் எண்ணிக்கையில் ஏறியது ஒரு பெரிய காரணம்.

இலங்கையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. மலையகத் தோட்டங்களில் ஒற்றைச் சம்பளம் என்ற பேச்சே வெகுகாலம் கிடையாது. கொழுந்து பறிப்பது பெண்கள்தான். தேயிலையின் வருமானமே அவர்கள் விரல்களில் இருந்தது. 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்துவிட்டது. நம்மூர் வயல்களில் களையெடுக்கும் பெண்ணுக்கு இன்றும் ஆண் கூலி இல்லை. ஆனால் அந்தத் தோட்டங்களிலும், மனைவியின் சம்பளத்தைக் கணவரே போய்க் கையெழுத்திட்டு வாங்கிவரும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. சம்பாதிப்பது ஒன்று, காசு கையில் தங்குவது வேறொன்று.

அதனால்தான் எத்தனை வீடுகளில் ஒருவர் சம்பாதிக்கிறார் என்பதைவிட, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது யாருடையது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த இடத்தில் யாழ்ப்பாணத்திடம் நாம் கற்க ஒரு சொல் இருக்கிறது: தேடியதேட்டம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற வழக்கச் சட்டம், குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரித்தது. கணவர் வழி வந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், மணமான பின் சேர்த்தது தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டம், தேடியதேட்டம் இருவருக்கும் சமம் என்றது. 1947 திருத்தம் இதைக் கொஞ்சம் நெகிழ்த்தியது என்றாலும், ஒருவர் இறந்தால் அவர் தேடியதில் பாதி மற்றவருக்கு என்பது நிலைத்தது. குறையும் உண்டு, பெரிய குறைதான்: தன் பெயரில் உள்ள நிலத்தையே மனைவி விற்க, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இருந்தாலும், சம்பளம் வாங்காதவரும் சேர்ந்தே தேடினார் என்று ஒரு தமிழ்ச் சட்டம் ஒப்புக்கொண்டதே, அது சாதாரணமல்ல.

தமிழ்நாட்டில் அந்த ஒப்புதல் மிகத் தாமதமாகத்தான் வந்தது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்திய ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவி வீட்டைச் சுமந்ததால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சேர்த்த சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு, உதவித்தொகை என்றில்லாமல் மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் உரிமைத் தொகை அரசு கொடுப்பது. வீட்டுக்குள் சேர்ந்த சொத்தில் உரிமை வேண்டுமானால், இன்றும் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக நீதிமன்றப் படி ஏறவேண்டும். தேடியதேட்டம் போல ஒரு வரி இந்தியச் சட்டத்திலும் ஏறவேண்டும். கணவரின் சம்மதக் கையெழுத்து என்ற தளை இல்லாமல் ஏறவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருவள்ளூரைச் சுற்றி மனை வாங்காத மாதச் சம்பளக்காரர் குறைவு. பெண்கள் பெயரில் பதிவாகும் பத்து லட்சம் ரூபாய் வரையான சொத்துக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. பத்திரம் எழுதப் போகும் அன்று, உங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.