லிட்டில் சிம்ஸின் சொல்லிசை

லிட்டில் சிம்ஸ் என்று அறியப்படும் சொல்லிசைக் கலைஞர் சிம்பியாட்டு அஜிகாவோ 1994இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், நைஜீரிய யொரூபா குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள இளைஞர் மன்றத்தில்தான் சிறுமியாக மேடையேறினார். சொல்லிசைக் கலைஞர்களான லாரின் ஹில், மிஸ்ஸி எலியட் இருவரின் தாக்கமும் அவரிடம் உண்டு. முதல் ஆல்பம் 2015இல் சொந்த நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. பால்யத் தோழர் இன்ஃப்ளோ தயாரித்த ‘கிரே ஏரியா’ (2019) பெரும் திருப்பம்: உறுமும் பேஸ், அதிரும் டிரம்ஸ், நடுவே பதற்றமே இல்லாத ஒரு குரல்.

அவரது உச்சம் ‘சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவெர்ட்’ (2021). அதில் வயலின்களும் சேர்ந்திசையும் அலையாக எழுகின்றன; ஓரிடத்தில் நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் தாளம் துள்ளுகிறது. தந்தை மீதான பாசத்தையும் கோபத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் பாட்டு, கேட்பவர் நெஞ்சைப் பிசையும். அவரைப் போலக் கூச்ச சுபாவத்தையே கலையின் பலமாக்கியவர்கள் வெகு சிலர். இந்த ஆல்பம் 2022இல் மெர்குரி பரிசைப் பெற்றது.