முதல் ஆயில் மாற்றம்: ஆயிரத்திலா, பத்தாயிரத்திலா?

புதுக் கார் வாங்கியவருக்குத் தென்காசியில் இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. "ஆயிரம் ஓடுன உடனே ஆயிலை எறக்கிருங்க அண்ணாச்சி, உள்ள இரும்புத் தூளு கெடக்கும்" என்பார் பல வருடமாகப் பழகிய மெக்கானிக். "முதல் சர்வீஸ்ல செக்கிங் மட்டும்தான் சார், ஆயில் பத்தாயிரத்துலதான்" என்பார் கம்பெனி சர்வீஸ் சென்டர்க்காரர். ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார், இன்னொருவர் கையேட்டைக் காட்டுகிறார். இரண்டையும் ஆதாரத்தோடு எடைபோட்டுப் பார்த்தால், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஓடும் காருக்கு இரண்டு எண்ணுமே பொருந்தவில்லை என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியை இங்கே வைக்கிறேன்.

முதலில் கையேடு. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 1,000 அல்லது 1,500 கிலோமீட்டரில் வரும் முதல் சர்வீஸ் வெறும் பரிசோதனைதான். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாறுவது 10,000 கிலோமீட்டரில் அல்லது ஓராண்டில், எது முந்துகிறதோ அப்போது. சில ஐரோப்பிய நிறுவனங்கள் 15,000 வரை போகின்றன. 'ஃப்ரீ சர்வீஸ்' என்பது கூலிக்கு மட்டுமே. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். ஆகவே ஆயிரத்தில் ஆயில் மாற்றச் சொல்லாததால் கம்பெனிக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. இதை அதன் பக்க நியாயமாகக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக்கின் வாதம் வெறும் பழக்கதோஷம் இல்லை. புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்துகின்றன. சுவரில் ஹோனிங் (நுண்கோடு கீறும் முறை) போட்ட கோடுகளின் கூர்முனைகள் அப்போது தேய்கின்றன. அந்த இரும்பு ஆயிலில்தான் சேர்கிறது. பழைய ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் பொதுவாகக் கண்டது இது: இரும்பு, செம்பு, எஞ்சினைப் பூட்டும்போது தடவிய சீலன்ட்டிலிருந்து வரும் சிலிக்கான் எல்லாம் முதல் ஆயிலில்தான் அதிகம்; அடுத்தடுத்த ஆயில்களில் படிப்படியாகக் குறைகின்றன. ஃபில்டர் பெரிய துகள்களைப் பிடித்துவிடும். மிகச் சிறியவை தப்பி ஓடும். பேரிங்கில் ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான். அதே அளவுள்ள துகள்தான் அங்கே நுழைந்து அதிகம் சுரண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவரின் ஆய்வை 1988-ல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வெளியிட்டது. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிடும்போது 30 மைக்ரான் ஃபில்டர் தேய்மானத்தைப் பாதியாகவும், 15 மைக்ரான் ஃபில்டர் 70 விழுக்காடும் குறைத்தது என்றது அந்த ஆய்வு. நுண்துகள் தீங்கானது என்பதில் ஐயம் இல்லை.

ஆனால் அந்த ஆய்வை முழுமையாகப் படிக்க வேண்டும். வேண்டுமென்றே சோதனைத் தூசியை ஆயிலில் கலந்து, தேய்மானத்தை விரைவுபடுத்திச் செய்த சோதனை அது. ஃபில்டரின் தரம் முக்கியம் என்பதை அது நிறுவுகிறது. ஆயிரத்தில் ஆயில் மாற்றாத கார் சீக்கிரம் கெடும் என்பதை நிறுவவில்லை. முதல் ஆயிலில் உலோகம் அதிகம் என்பது உண்மை. அது எஞ்சினின் ஆயுளைக் குறைக்கிறது என்பது அடுத்த படி. அந்தப் படியை நிரூபிக்கும் ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது. இன்றைய சிலிண்டர்களில் ஹோனிங்கின் கூர்முனைகளைத் தொழிற்சாலையிலேயே மழுங்கச் செய்துவிடுகிறார்கள். பாகங்களைக் கழுவிப் பூட்டுகிறார்கள். பொருந்தும் வேலையில் ஒரு பகுதி வண்டி ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் ஆயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மெக்கானிக் தன் வாழ்நாளில் அதிகம் தொட்ட வண்டிகளிலிருந்து வந்தது. பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். புதுக் கியர்கள் உதிர்க்கும் உலோகமும் கிளட்ச் தகட்டுத் தூளும் அதே ஆயிலில்தான் கலக்கும். பல சிறிய பைக்குகளில் வலை வடிகட்டிக்கு மேல் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்களே 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. டிராக்டருக்கு 50 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம். அம்பாசிடர் காலத்து எஞ்சினுக்கும் அந்த அவசரம் சரியே. இந்த வண்டிகளுக்கு மெக்கானிக் சொன்னது முழு உண்மை. காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், எஞ்சினுக்கு முழு ஆயில் ஓட்டத்தையும் வடிக்கும் ஃபில்டர். அங்கே அதே எண்ணை அப்படியே பெயர்த்து வைப்பதுதான் பிழை.

தொழிற்சாலை ஆயிலை அவசரப்பட்டு இறக்குவதில் இன்னொரு குறையும் உண்டு. எஞ்சினைப் பூட்டும்போது பூசும் மசகுப் பசைகள் அந்த ஆயிலில் கரைந்து பொருந்தும் காலத்துக்கு உதவுகின்றன. முதல் ஆயிலைக் குறித்த நேரத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்று ஹோண்டா நெடுங்காலமாக வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, மாற்றும்போது எதை ஊற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இன்றைய சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் 0டபிள்யூ-20, சில 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் பாகங்கள் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. 'இது தண்ணி மாதிரி இருக்கு' என்று அந்த ஆயிலை இறக்கிவிட்டுக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றினால், இரும்புத் தூளுக்குப் பயந்து அதைவிடப் பெரிய கேட்டை உள்ளே விட்டதாக ஆகும்.

இதுவரை கம்பெனியின் கையே ஓங்கியிருக்கிறது. ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணின் பலவீனம் அதே கையேட்டுக்குள் இருக்கிறது. சாதாரணப் பயன்பாட்டுக்கான அட்டவணைக்கு அடுத்து, கடினமான பயன்பாட்டுக்கென்று இன்னொரு பட்டியல் அச்சிட்டிருக்கிறார்கள். அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது, எஞ்சினை ஓடவிட்டு நீண்ட நேரம் நிற்பது, ஊர்ந்து செல்லும் நெரிசல், தூசி நிறைந்த சாலை, மலையேற்றம் ஆகியவை அதில் வரும். இவற்றுக்கு ஆயில் இடைவெளி பல கையேடுகளில் பாதியாகிறது: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். வண்டியை ஒப்படைக்கும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டும் ஷோரூம் அரிது. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு நீண்ட இடைவெளி வசதியானது. அதன் பொறுப்பு வாரண்டி ஆண்டுகளோடு முடிகிறது. வண்டியைப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஓட்டப்போவது நாம்.

தென்காசிக் காரின் அன்றாடத்தை அந்தப் பட்டியலோடு பொருத்திப் பார்ப்போம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர், செங்கோட்டை எட்டு கிலோமீட்டர் அளவு. இவ்வளவு தூரத்தில் கூலண்ட் சூடாகிவிடும். ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட நேரம் பிடிக்கும். எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் தங்கி, அது நன்றாகச் சூடேறினால்தான் வெளியேறும். பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். எத்தனால் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டை எட்டாமலே அணைக்கப்படும் எஞ்சினில் அது தேங்கும். இங்கே ஒரு தள்ளுபடியும் கொடுக்க வேண்டும். குறைந்த தூர ஓட்டத்தைப் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் உறைபனி நாடுகளில் பிறந்தவை. நம் ஊரில் காலையில் எஞ்சினைக் கிளப்பும்போதே வெப்பம் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே இங்கே கேடு உண்டு, ஆனால் அங்கே சொல்லும் அளவுக்கு இல்லை.

தள்ளுபடி கொடுக்க முடியாதது குற்றாலச் சீசன் நெரிசலுக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சாரல் விழும் விடுமுறை நாட்களில் நன்னகரத்திலிருந்து பேரருவி வரைக்கும், ஐந்தருவிச் சாலையிலும் வண்டிகள் ஊர்கின்றன. ஏசி ஓட, எஞ்சின் ஓட, கிலோமீட்டர் மட்டும் ஏறாது. இதைக் கணக்காகப் பார்க்கலாம். சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். சராசரி 15 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 660 மணி நேரத்துக்கும் மேல். ஆயிலைத் தளரச் செய்வது எஞ்சின் ஓடிய நேரமும் சூடும். மீட்டர் அதைக் காட்டுவதில்லை. சுற்றுலா டாக்சிக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

அடுத்தது தூசியும் மலையும். புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகளின் பின்னால் ஓட்டியவருக்கு விளக்கம் தேவையில்லை. தூசி ஆயிலுக்குள் வருவது ஏர் ஃபில்டர் வழியாக. எனவே அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 744-ல் புளியரை எஸ் வளைவைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வண்டி, முழுக் குடும்பத்தோடும் சாமான்களோடும் ஏறுகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் பெட்ரோல் ஆயிலில் கலப்பது கூடுதல். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள பி.எஸ்.-6 டீசல் கார்கள் அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்ய உபரி டீசலைச் செலுத்துகின்றன. சிறு தூரம் மட்டுமே ஓட்டினால் அந்தச் சுத்தம் பாதியில் நின்று டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் கூடினால் அதுவே அடையாளம்.

இதற்கு எதிர்முனையில் ஓடாத கார்கள். கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்தில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுக் கார்கள் பல, அவர்கள் விடுமுறையில் வரும்போது ஓடி, மற்ற மாதங்களில் நிற்பவை. வருடத்துக்கு மூவாயிரம்கூட ஓடாது. 'இன்னும் பத்தாயிரம் ஆகலையே' என்று இரண்டு மூன்று வருடம் அதே ஆயிலில் விடுவதுதான் நான் இந்த வட்டாரத்தில் காணும் மிகப் பெரிய தவறு. நிற்கும் வண்டியிலும் ஆயில் ஈரத்தோடும் அமிலத்தோடும் போராடித் தீர்கிறது. இவர்கள் பார்க்க வேண்டியது நாட்காட்டியை.

நிறத்தை வைத்து முடிவெடுப்பதையும் கைவிட வேண்டும். டீசல் காரில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் மிதக்கவைத்துச் சுவரில் படியவிடாமல் தடுப்பது ஆயிலின் வேலை. கறுப்பு அது வேலை செய்வதற்கான சான்று. விரலில் தேய்த்துப் பார்த்து ஆயிலின் ஆயுளைச் சொல்ல யாராலும் முடியாது.

'சந்தேகம் இருந்தால் மாற்றிவிட்டுப் போகலாமே, சில ஆயிரம்தானே' என்ற வாதத்துக்கும் பதில் வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் மூன்று நான்கு லிட்டர் கழிவு ஆயிலை உண்டாக்குகிறது. ஒரு காரிலிருந்து ஒரு தடவை இறக்கும் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. குற்றால அருவிகளின் தண்ணீர் சிற்றாறாக ஓடி வயல்களுக்குப் பாய்ந்து தாமிரபரணியில் கலக்கிறது. சாலையோர ஷெட்டின் மண்ணில் ஊற்றும் ஆயிலும் மழையோடு அந்த வழியில்தான் போகும். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. தேவையான மாற்றத்துக்குத் தயங்க வேண்டாம். தேவையற்ற மாற்றத்தால் யாருக்கும் நன்மை இல்லை.

தீர்ப்பு இது. ஆயிரத்தில் ஆயில் மாற்றுவது இன்றைய காருக்கு அவசியமில்லை. பத்தாயிரம் வரை காத்திருப்பது, பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடுபவருக்குப் பொருந்தும்: வாராவாரம் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ நீண்ட தூரம் போய்வருபவர் கையேட்டின் சாதாரண அட்டவணையையே நம்பலாம். உள்ளூர், அருவிச் சாலை, மலைப்பாதை என்று ஓடும் காருக்கு முதல் ஆயிலும் ஃபில்டரும் 5,000 கிலோமீட்டரில் அல்லது ஆறு மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது மாற வேண்டும். உலோகத் துகள் பற்றிய மெக்கானிக்கின் கவலைக்கும் அது தக்க நேரத்தில் பதிலாகிறது. மிகக் குறைவாக ஓடும் காருக்குக் கிலோமீட்டர் எவ்வளவாயினும் ஓராண்டே எல்லை. முழுநாள் ஓடும் டாக்சிக்கும் டர்போ எஞ்சினுக்கும் பாதி இடைவெளியே எப்போதும் வழக்கமாகட்டும்.

இதை நடைமுறையாக்க, டெலிவரி எடுக்கும் அன்றே கடினப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்து, "எங்க ஊர் ஓட்டம் இதுல வருது, அஞ்சாயிரத்துல ஆயில் மாத்தணும்" என்று சர்வீஸ் சென்டரில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். வெளியில் மாற்றினால் கையேடு கேட்கும் கிரேடு, நல்ல ஃபில்டர், தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் மூன்றும் கட்டாயம். வெளி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்ததற்காகவே வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனைக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே உத்தரவிட்டிருக்கிறது. இருந்தும், வாரண்டி உள்ளவரை கம்பெனி சர்வீஸிலேயே மாற்றினால் வழக்காடும் வேலை மிச்சம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மெக்கானிக்கின் அக்கறையை வேறு இடத்தில் செலுத்தலாம்: ஒரே வேகத்தில் விரட்டாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்காமல், எஞ்சினை ஓடவிட்டு நிற்காமல் ஓட்டுவதும், ஆயில் அளவைச் சமதளத்தில் நிறுத்திப் பார்ப்பதும். ரிங் நன்றாகப் பொருந்த, ஆயில் இறக்குவதைவிட அது அதிகம் உதவும்.